வெளிநாட்டுக்குப் பாட்டில் பார்சல்: கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை



சரக்கு என்ற சொல்லுக்கு நம் கடையில் ஒரு பொருள். தெருக்கோடியில் இருக்கும் அரசுக் கடையில் வேறு பொருள். இந்த இரண்டு சரக்கும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் ஏறும்போது வருகிற வினையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். படிக்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் வைக்கிற பில் நம் கடையுடையது. அதில் அச்சிட்டிருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணும் உணவு உரிம எண்ணும் நம்முடையவை. வினை வந்தால் முதலில் யாரிடம் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செட்டியார்பட்டி, தளவாய்புரம், சேத்தூர், ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் அநேகம். தீபாவளி, பொங்கல் நெருங்கினால் சேவு, முறுக்கு, மாவடு, நல்லெண்ணெய், இட்லிப்பொடி, தளவாய்புரம் நைட்டி என்று பெட்டி பெட்டியாகப் போகிறது. பெரும்பாலும் மளிகைக் கடையிலேயே சாமான் வாங்கி, அங்கேயே கட்டி, கூரியர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நல்ல வியாபாரம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த நேரத்தில்தான் தெரிந்த முகம் ஒன்று துண்டுக்குள் மறைத்த பாட்டிலை மெதுவாக மேஜைமேல் வைக்கும். “அண்ணாச்சி, மாப்பிள்ளை கேட்டிருக்காரு. சேவுப் பொட்டலத்துக்கு நடுவுல வச்சு நல்லா கட்டிக் குடுங்க. வெளிய தெரியாது.”

வெளியே தெரியும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகும் பெட்டி எக்ஸ்ரே கருவிக்குள் போய்த்தான் விமானம் ஏறுகிறது. சேவு ஒரு நிழலாகவும் திரவம் நிறைந்த கண்ணாடிப் பாட்டில் வேறு நிழலாகவும் திரையில் விழும். கழுத்தும் தோளும் தெளிவாகத் தெரியும். பெட்டியின் மேல் ‘தின்பண்டம்’ என்று எழுதியிருக்க உள்ளே பாட்டில் தெரிந்தால் பெட்டியைப் பிரிப்பார்கள். 2024 ஜூன் மாதம் அமலுக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்திலும், சந்தேகமான பொருளைப் பிரித்துப் பார்க்கவும் சுங்கத்துறையிடம் ஒப்படைக்கவும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. கூரியரில் ஆதார் நகல் வாங்காமல் பெட்டியை எடுப்பதில்லை. ஆக, யார் அனுப்பியது என்பதும் யார் கடைச் சாமான் என்பதும் பெட்டிக்குள்ளேயே எழுதிக் கிடக்கிறது.

சிலர் கேட்பார்கள்: “அரசாங்கக் கடையில் பில் போட்டு வாங்கின பாட்டில்தானே, கள்ளச் சரக்கா?” நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். நம் மாநிலத்தில் மது என்பது மற்றப் பொருள் மாதிரி அல்ல. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 8ஆவது இனமாக மது வருகிறது. உற்பத்தி முதல் வைத்திருப்பது, கொண்டுபோவது, வாங்குவது, விற்பது வரை அத்தனையும் மாநிலத்தின் கையில். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கின் சட்டம்தான் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் இருக்கிறது. கடைகள் திறந்திருப்பது அந்தச் சட்டம் செத்துப்போனதால் அல்ல. அதற்குள் விதிவிலக்கும் உரிமமும் கொடுத்திருப்பதால். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 நவம்பர் கடைசியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. தனி மனிதன் அளவோடு வாங்கி வைத்துக்கொள்ளலாம், குடிக்கலாம், அவ்வளவுதான். பில் என்பது வாங்கியதற்குச் சான்று. பிறர் பாட்டிலை வாங்கிக் கட்டி அனுப்புவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. மளிகைக் கடை மேஜையில் வரிசையாக நாலு பாட்டில் இருக்கும்போது ஓர் அதிகாரி உள்ளே வந்தால், அவை வாடிக்கையாளருடையவை என்று நாம் சொல்வதை அவர் நம்ப வேண்டிய கட்டாயம் என்ன?

இது உள்ளூர்ச் சட்டம். அடுத்தது விமானத்தின் சட்டம். சாராயச் சத்து 24 சதவீதத்துக்கு மேல் உள்ள பானத்தை உலகம் முழுக்கத் தீப்பற்றும் திரவமாகவே கணக்கில் எடுக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் அதற்கு 3065 என்று எண்ணே இருக்கிறது. நம் ஊர் பிராந்தி, ரம் லேபிளைப் பார்த்தால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது வரம்புக்கு வெகு மேலே. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி தீப்பற்றும் திரவம் வெளிநாட்டுத் தபாலில் போகக் கூடாது. அமெரிக்கத் தபால் துறை 1909 முதல் மதுவை வாங்குவதே இல்லை. பெரிய கூரியர் நிறுவனங்களும் உரிமம் உள்ள மதுக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுத்தான் எடுக்கின்றனவே தவிர, தனியாள் கொண்டுவரும் பாட்டிலை எடுப்பதில்லை. பீர், ஒயின் 24க்குள் வந்தால் தீப்பற்றும் கணக்கு நீங்கும். மற்றச் சட்டம் ஒன்றும் நீங்காது.

மூன்றாவது, பெட்டி போய் இறங்கும் நாட்டின் சட்டம். எனக்கு அதிகக் கவலை இதில்தான். சவூதியிலும் குவைத்திலும் மது கொண்டுவருவதே குற்றம். ஐக்கிய அரபு அமீரகத்தில் துபாய்க்கு ஒரு நியாயம், பக்கத்திலேயே இருக்கும் ஷார்ஜாவுக்கு வேறு நியாயம். ஷார்ஜாவில் மது கிடையாது. இங்கே கட்டியவருக்கு அபராதத்தோடு போகலாம். அங்கே பெட்டியை வாங்கக் கையெழுத்துப் போடும் பையனுக்கு வேலை போகும், விசா போகும், ஜெயிலும் உண்டு. கடன் வாங்கி அனுப்பிவைத்த குடும்பம் என்ன ஆகும்? ஆசையாக அனுப்பிய மாமனார் இதை யோசித்துப் பார்ப்பதில்லை. அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

சுங்கச் சட்டம் தனி. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, பொய்யான அறிக்கை கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. பெட்டியில் ஒட்டும் சுங்க அறிக்கைத் தாளில் ‘சேவு 3 கிலோ’ என்று எழுதிவிட்டு உள்ளே பாட்டிலை வைப்பதற்குப் பெயர் அதுதான். நம் பில்லும் ‘சேவு 3 கிலோ’ என்று சொன்னால் அந்தப் பொய்க்கு நாமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டது போலாகிவிடும்.

அப்படியானால் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டில் கொடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நாமே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளரும் முகம் சுளிக்க மாட்டார். நேரில் போகிறவர் தம் லக்கேஜில் கொண்டுபோகலாம். விமான விதிப்படி 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளது, கடையில் வாங்கிய சீல் உடையாத பாட்டிலாக, ஆள் ஒன்றுக்கு 5 லிட்டர் வரை. 70க்கு மேல் போனால் அறவே கூடாது. ஆனால் விமானம் 5 லிட்டர் ஏற்றுகிறது என்பதற்காக இறங்கும் நாடு 5 லிட்டரையும் தீர்வையில்லாமல் விடாது. சிங்கப்பூரில் மொத்தம் 2 லிட்டர். அதுவும் 18 வயது நிரம்பி, 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கு, மலேசியாவிலிருந்து வராதவருக்கு. மலேசியாவில் 1 லிட்டர். அமெரிக்காவில் 21 வயதானவருக்கு 1 லிட்டர். ஆஸ்திரேலியாவில் 2.25 லிட்டர். நம் நாட்டுக்குள் வருகிறவருக்கு 2 லிட்டர். இவையெல்லாம் பயணிக்குத்தான், பார்சலுக்கு அல்ல. மக்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். அதைவிட எளிய வழி, மருமகன் இருக்கும் நாட்டிலேயே உரிமம் பெற்ற கடையில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளச் சொல்வது. பணத்தை அனுப்பினால் போதும். பாட்டில் கடல் தாண்ட வேண்டாம்.

வியாபாரமாகவே அனுப்புவதற்கும் நேர்வழி உண்டு. பெங்களூர் அம்ருத் நிறுவனம் 2004இல் தன் மால்ட் விஸ்கியை முதலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்தான் விற்பனைக்கு இறக்கியது. விஸ்கி பிறந்த ஊருக்கே விஸ்கி அனுப்பியது என்று அப்போது பலர் வியந்தார்கள். எனக்கு வியப்பு அதில் இல்லை. எத்தனை தாள்கள் சேர்ந்தால் ஒரு பெட்டி போகிறது என்பதுதான் வியப்பு. மாநில ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி, சுங்க ஏற்றுமதிப் பட்டியல், அங்கே உரிமம் உள்ள இறக்குமதியாளர், அந்நாட்டு லேபிள், எல்லாம் வேண்டும். பாட்டிலின் அளவிலேகூடச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் முழுப் பாட்டில் என்றால் 750 மில்லி. ஐரோப்பிய ஒன்றியத்தில் மதுவகைக்கு 700 மில்லி உண்டு, 750க்கு இடமில்லை. ஆக ஐரோப்பாவுக்குப் போவதற்குத் தனிப் பாட்டிலில் அடைக்க வேண்டும். 50 மில்லியில் என்ன இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். சட்டத்தோடு அனுப்புகிறவன் அந்த 50 மில்லிக்கும் மதிப்புக் கொடுக்கிறான்.

சரி, மதுவை விடுங்கள். நம் சொந்தப் பாட்டில்களுக்கு வருவோம். நல்லெண்ணெய், நன்னாரி சர்பத், தேன், ஊறுகாய் என்று சட்டப்படி போகக்கூடிய பாட்டில்களே நம்மிடம் நிறைய. அவற்றையாவது உடையாமல் அனுப்புகிறோமா? உடைந்த ஒரு எண்ணெய் பாட்டில் தன் விலையோடு நிற்காது; பெட்டிக்குள் இருக்கும் பட்டுச்சேலையையும் சேவையும் நாசம் செய்துவிட்டு, அடுத்தவர் பெட்டியையும் நனைக்கும். ஒழுகும் பெட்டியைக் கூரியர்காரர் மேலே ஏற்ற மாட்டார், ஓரமாக வைத்துவிடுவார். பேக்கிங்கில் மதுக் கம்பெனிகளிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிரம்ப உண்டு. நூறாண்டுக்கு மேலாகக் கண்ணாடியைக் கடல் கடத்துகிறவர்கள் அவர்கள்.

பாட்டில் பெரும்பாலும் கீழே விழுந்து உடைவதில்லை. ஒன்றோடொன்று மோதித்தான் உடைகிறது. லாரி குலுங்கக் குலுங்க இரண்டு பாட்டிலின் தோள்கள் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே வரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு சிறு அடிக்கே விட்டுவிடும். ஆகவே முதல் விதி, கண்ணாடி கண்ணாடியைத் தொடக் கூடாது. டஜன் பெட்டிக்குள் கட்டம் கட்டமாக அட்டைத் தடுப்பு வைத்திருப்பது இதற்குத்தான். நம்மில் சிலர் அந்தத் தடுப்பை எடுத்துப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, காலிப் பெட்டியில் நாலு பாட்டிலைச் செய்தித்தாள் சுற்றி நிறுத்துகிறோம். தடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கழுத்துதான் பலவீனமான இடம். பபுள் ஷீட்டை நடு உடம்பில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கழுத்தைச் சும்மா விட்டுவிடுவது எங்கும் காணும் பழக்கம். கழுத்தில் முதலில் ஒரு அட்டைப் பட்டையைச் சுற்றி, தோளின் அகலத்துக்குக் கொண்டுவந்து, அதன்பின் முழுசுமாகச் சுற்ற வேண்டும். பாட்டில் உருளைக்கட்டை போல ஒரே அகலமாக ஆகிவிட்டதா என்று தடவிப் பார்த்தாலே தெரியும். அடிப்பாகத்துக்கும் இரண்டு மடிப்பு வேண்டும். பெட்டி நேராக நிற்கும் என்று நம்பிக் கட்டாதீர்கள். ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறியைப் படிப்பவர் படிப்பார், படிக்காதவர் தலைகீழாகத்தான் அடுக்குவார்.

அடுத்தது ஒழுகல். உடைந்த பாட்டிலை விட ஒழுகிய பாட்டில்தான் என் அனுபவத்தில் அதிகம். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையும். பாட்டிலின் மேல்பாகத்தில் அடைபட்ட காற்று அப்போது வெளியே தள்ளும். மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும். சூடு இன்னொரு காரணம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 25 டிகிரி சூடேறினால் 15 மில்லிக்கு மேல் பெருகும். தண்ணீர் பெருகுவதில் இரண்டு மடங்கு அது. பிராந்தியும் ஏறக்குறைய அப்படியேதான். துபாய் விமான நிலையத்து வெயிலில் பெட்டி கிடக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். கழுத்து முட்ட நிரப்பினால் அந்த 15 மில்லி எங்கே போகும்? ஆகவே கைப்பிடியில் நிரப்பிக் கொடுப்பவர்கள் தோளுக்கு மேல் இரண்டு விரல் இடம் விட வேண்டும். மூடியை இறுக்கி, சுற்றி டேப் போட்டு, பாட்டிலைத் தனியாக ஒரு கனமான பாலித்தீன் பைக்குள் விட்டு, பை வாயையும் அடைக்க வேண்டும்.

பைக்குள் உறிஞ்சுவதற்கு ஏதாவது வைத்தால் இன்னும் நல்லது. நம் பக்கத்தில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை: ராஜபாளையத்தில் மில்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. ஆனால் எந்தப் பஞ்சு எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். வெளுக்காத பஞ்சில் மெழுகுத்தன்மை இருப்பதால் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை விட்டுவிடும். ஆஸ்பத்திரிப் பஞ்சு மெழுகு நீக்கியது. சர்பத்தையும் தண்ணீரையும் அது குடித்துவிடும். ஆஸ்திரேலியா போகிற பெட்டிக்கு மட்டும் சுத்தம் செய்த பஞ்சையே வையுங்கள்.

ஆஸ்திரேலியா பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் சோடா பாட்டிலும் ஊறுகாய் ஜாடியும் வைக்கோல் புரி சுற்றித்தான் வந்தன, அருமையான மெத்தை. வெளிநாட்டுக்கு அதை மறந்துவிட வேண்டும். வைக்கோலில் பூச்சியும் விதையும் போகும் என்று பல நாடுகள் தடுக்கின்றன. ஆஸ்திரேலியா பழம் வந்த பழைய பெட்டியையும் முட்டை அட்டையையும்கூட ஏற்காது. மரப்பெட்டி என்றால் 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்திய மரமாக இருக்க வேண்டும், அதற்கான முத்திரையும் பலகையில் இருக்க வேண்டும். ஆப்பிள் பெட்டியை உடைத்து ஆணி அடித்து அனுப்பும் வேலை உள்ளூர் லாரி ஆபீசோடு நிற்கட்டும்.

பெட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிஸ்கட் வந்த மூன்று பிளை அட்டையில் ஆறு பாட்டில் எண்ணெயை வைத்தால் மூலை பிளக்கத்தான் செய்யும். ஐந்து பிளைக்குக் குறையக் கூடாது. கண்ணாடி என்றால் பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, நடுவில் சுற்றிலும் இரண்டு அங்குலம் மெத்தை போட வேண்டும். கட்டி முடித்ததும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். நான் புதிதாக ஒரு பெட்டி முறையைப் பார்த்தால், தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைத்துக் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை மூலையிலும் ஒருமுறை அடியிலும் விழும்படி போட்டுப் பார்ப்பேன். கடைப்பையன்களுக்கு அது ஒரு வேடிக்கை.

அதேநேரம் பெட்டியை ஊத விடவும் கூடாது. கூரியரில் எடைக்கு மட்டும் காசு இல்லை, இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதை ஓர் எடையாகக் கொள்வார்கள். நிஜ எடையில் எது அதிகமோ அதற்குப் பணம். 40க்கு 30க்கு 30 பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே 4 கிலோதான் இருக்கிறது என்று சண்டை போட்டுப் பயனில்லை. அதனால் முடிந்தவரை கண்ணாடியைத் தவிர்த்து, டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ வரும் எண்ணெயை வாங்கச் சொல்லுங்கள். வெறும் கண்ணாடியே பாட்டிலுக்கு அரைக் கிலோ பிடிக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மலைத்தேன் என்று நம் பக்கம் வருவதெல்லாம் பழைய பிராந்தி பாட்டிலில்தானே வருகிறது? உள்ளூரில் விற்றுவிட்டுப் போகட்டும். அந்தப் பாட்டிலோடு வெளிநாட்டுப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். கண்ணாடியிலேயே கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும். உள்ளே இருப்பது தேன் என்று சவூதி சுங்கத்தில் யார் நின்று விளக்குவது?

பிராந்தி மட்டும்தான் வம்பு என்று எண்ணிவிடக் கூடாது. நம் அலமாரியிலேயே வம்பு உட்கார்ந்திருக்கிறது. கேக்குக்குப் போடும் எசன்ஸ் பலவற்றில் சாராயச் சத்து உண்டு. லேபிளைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். அரிஷ்டம், ஆசவம் நொதித்து வருவதால் அவற்றிலும் உண்டு. கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள். பூஜைச் சாமானோடு சேர்த்து வைத்தால் பெட்டி நின்றுவிடும். கொப்பரைத் தேங்காயும் தானே சூடேறித் தீப்பிடிக்கும் வகை என்று ஆபத்துப் பட்டியலில் 1363 என்ற எண்ணோடு இருக்கிறது. தீப்பெட்டியைச் சொல்லவே வேண்டாம், சிவகாசிக்காரர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் கொடியது கசகசா. இங்கே குருமாவுக்கு அரைப்பது. அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் கணக்கு. சிங்கப்பூரிலும் சும்மா விட மாட்டார்கள். கறிமசாலாப் பொடியில் கசகசா சேர்த்து அரைத்துக் கொடுப்பவர்கள் ‘வெளிநாட்டுக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அரைக்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை லண்டனுக்கு அனுப்பலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவிலிருந்து தனியார் பார்சலில் வரும் பால் பொருளை ஏற்பதில்லை. எனக்கு வருத்தம்தான், என்ன செய்வது?

இதெல்லாம் படித்தபின் வெளிநாட்டுப் பார்சலே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவது சரியல்ல. ஒதுங்கினால் இழப்பு நமக்குத்தான். 2022 முதல் தபால் துறை ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற பெயரில் அஞ்சலக ஏற்றுமதி மையங்களைத் திறந்து, சிறு வியாபாரியின் ஏற்றுமதிப் பட்டியலைக் கணினியிலேயே வாங்கிக்கொள்கிறது. ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் வேண்டும். அது இப்போது பான் எண்ணேதான். உணவு உரிமம் நம்மில் எல்லோரிடமும் இருக்கிறது. தூத்துக்குடி போய்க் கண்டெய்னர் ஏற்றினால்தான் ஏற்றுமதி என்ற காலம் போய்விட்டது. பத்து டின் நல்லெண்ணெயை நேர்வழியில் பில் போட்டு அனுப்பலாம்.

ஆனால் தாளில் எழுதுவது துல்லியமாக இருக்க வேண்டும். 2021 முதல் சரக்குள்ள வெளிநாட்டுத் தபாலுக்கு முன்கூட்டியே கணினியில் விவரம் அனுப்புவது கட்டாயம். அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29 முதல் 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த தீர்வை விலக்கை எடுத்துவிட்டது. அதனால் நம் தபால் துறை அமெரிக்கப் பார்சலை ஆகஸ்டு 25 முதல் நிறுத்திவைத்து, அக்டோபர் 15இல் தீர்வையை இங்கேயே வசூலிக்கும் ஏற்பாட்டோடு மறுபடி ஆரம்பித்தது. அந்த ஏழு வாரம் தீபாவளிக்கு முந்தைய ஏழு வாரம். நம் பக்கம் எத்தனை பெட்டி கட்டாமல் நின்றது என்று உங்களுக்கே தெரியும். பெட்டிக்குள் என்ன, எவ்வளவு விலை என்று ஒவ்வொரு நாடும் இப்போது துருவித் துருவிக் கேட்கிறது. ‘கிப்ட்’, ‘சாமான்’ என்று கிறுக்கினால் திரும்பி வரும். ‘நல்லெண்ணெய், 500 மில்லி, 4 எண்ணிக்கை’ என்று எழுதினால் போகும்.

“நான் மறுத்தால் அடுத்த கடைக்காரர் கட்டித் தருவார், என் வாடிக்கை அங்கே போகும்” என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். இதைத் தனி ஒருவராகச் செய்ய முடியாது. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் கோபம் யார்மேலும் விழாது. ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இது. வெளிநாட்டுக்குப் போகாத பொருள்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்கு மேல் மாட்ட வேண்டும். சிவகாசி பக்கத்தில் இருக்க, அச்சுக்கூலி ஒரு பெரிய காசா? மதுவும் கசகசாவும் கற்பூரமும் முதல் மூன்று வரியில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பாட்டிலை நீட்டும்போது நாம் வாய் திறக்க வேண்டாம், விரலால் காட்டினால் போதும். இரண்டாவது, கடையில் விற்காத பொருளைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது நம் பில்லில் சேர்க்காமல், வாடிக்கையாளர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட பட்டியலை வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்வது.

மூன்றாவதாகக் கட்டுக்கூலி. கூலி வாங்கக் கூச்சப்பட்டு ஓசியில் கட்டுவதால்தான் மூன்று பிளை அட்டையும் செய்தித்தாளுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து பிளைப் பெட்டி, தடுப்பு, பபுள் ஷீட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து என்ன ஆகிறதோ அதைத் தனி வரியாகப் பில்லில் போடுவோம். பாட்டில் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். பெட்டியும் தடுப்பும் மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும். உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க என் குடோனில் ஒரு பக்கம் ஒதுக்கித் தருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் இந்த மூன்றையும் பேச்சுக்கு எடுக்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். மாறுபட்ட கருத்துள்ளவர்கள் அதற்கு முன்பே எழுதலாம். தீபாவளிக்குள் பட்டியல் கல்லாவுக்கு மேல் ஏற வேண்டும் என்பதால் காலம் அதிகம் இல்லை.